குதிரை வீடு

ஆடி மாதம், சீசன் உச்சத்தில் இருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, அருவிச் சத்தம் காதுக்குள்ளேயே விழுந்துகொண்டிருக்க, காலையிலிருந்து சாயங்காலம் வரை குற்றாலத்தில் இருந்துவிட்டுத் தலை நனைக்காமல் வீடு திரும்பிய மனிதப்பிறவி நான் ஒருவனாகத்தான் இருக்க முடியும். மெட்ராஸிலிருந்து ரயிலேறி, பெட்டி படுக்கையோடு வந்து, வாடகைக்கு வீடு பிடித்துக் குளித்துவிட்டுப் போகிறார்கள். நான் தென்காசியில் பிறந்தவன். சாரல் என் பிறப்புரிமை. அப்படிப்பட்ட நான் அன்று முழுவதும் ஒரு சதுரங்கப் பலகையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சதுரங்கம் ஆடினால் மூளை வளரும் என்று இப்போது யாராவது சொன்னால் நான் வாதாடுவதில்லை. அவர்களை என்னோடு சற்று நேரம் பேசிக்கொண்டிருக்கச் சொல்லுவேன். அவர்களே வாபஸ் வாங்கிவிடுவார்கள்.

பழி முழுவதும் மாமாவுடையது.

மாமா அம்மாவுக்கு அண்ணன். தாத்தா காலமான பிறகு குடும்பத்துக்கு அவர்தான் எல்லாம். அப்பாவுக்குப் புனலூரில் மரக்கடையில் உத்தியோகம். மாதம் ஒருமுறை பலாப்பழத்தோடு வந்து, பலாப்பழம் தீருவதற்குள் போய்விடுவார். ஆகவே நானும் அம்மாவும் மாமா வீட்டில், அத்தையோடும் அத்தை பிள்ளைகளோடும் இருந்தோம். மாமா பகலில் ஒரு அரிசி மில்லுக்கு மேனேஜர். மீதி நேரமெல்லாம் சதுரங்கம். ஒரு பழைய ஸ்டூலின் மேல் கத்தியால் கோடு கீறி வைத்திருந்தார். கருப்புக் கட்டம், வெள்ளைக் கட்டம் என்ற ஆடம்பரமெல்லாம் கிடையாது. காய்கள் அம்பாசமுத்திரத்தில் கடைந்தவை. ஒரு பக்கம் சிவப்பு, ஒரு பக்கம் பச்சை. ராஜாவையும் ராணியையும் வித்தியாசம் கண்டுபிடிக்க மாமாவால்தான் முடியும். தோற்கும் நிலை வந்தால் சில சமயம் அவராலும் முடியாது.

அவர் ஆடியது நாட்டு ஆட்டம். அதாவது, புத்தகத்தில் இருக்கிற இங்கிலீஷ் ஆட்டம் இல்லை. அவர் அப்பாவும் அப்பாவின் அப்பாவும் ஆடிய ஆட்டம். அதில் சிப்பாய் எப்போதும் ஒரு கட்டம்தான் நகரும். முதல் தடவை இரண்டு கட்டம் தாண்டலாம் என்ற இங்கிலீஷ் சலுகை கிடையாது. இன்னொன்று, சிப்பாய் நடந்து நடந்து எதிராளியின் கடைசி வரிசைக்குப் போய்விட்டால் அது எந்தக் காயின் வீட்டில் போய் நிற்கிறதோ அந்தக் காயாகத்தான் மாறும். யானை வீட்டுக்குப் போனது யானை. குதிரை வீட்டுக்குப் போனது குதிரை. இங்கிலீஷ்காரன் ஆட்டத்தில் எந்த வீட்டுக்குப் போனாலும் ராணியாகிக்கொள்ளலாம். ராணிதான் பலகையிலேயே பலமான காய் என்பதால் எல்லாரும் ராணியைத்தான் எடுப்பார்கள். மாமாவுக்கு இது சுதந்திரத்துக்கு முன்னால் நடந்த மற்ற அநியாயங்களை எல்லாம் விடப் பெரிய அநியாயம்.

"குதிரை லாயத்துக்குள்ள பூந்தவன் எப்படிலே ராணியா வெளிய வருவான்?" என்று என்னைக் கேட்பார், நான்தான் அந்தச் சட்டத்தை எழுதிவைத்தது போல.

இதெல்லாம் மாமாவோடு போயிருந்தால் பரவாயில்லை. சித்தியின் தலையிலும் விடிந்தது. அம்மாவுக்குத் தங்கை, அந்தச் சித்தி. அவளோடு படித்தவர்கள் எல்லாரும் இடுப்பில் ஒன்று, கையில் ஒன்று என்று கோயிலுக்கு வந்துகொண்டிருந்த காலத்தில் இவள் எங்கள் வீட்டில் மாவாட்டிக்கொண்டிருந்தாள். அழகுக்கோ ஜாதகத்துக்கோ குறைச்சல் இல்லை. குறைச்சல் ஸ்டூலில் இருந்தது. பெண் பார்க்க வருகிற மாப்பிள்ளை கேசரி சாப்பிட்டுக் கை கழுவியதும் மாமா ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு வந்து நடுக்கூடத்தில் வைப்பார். "ஒருத்தன் குணத்த அறிய ஒரு ஆட்டம் போதும்" என்பது அவர் கட்சி. கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து வந்தவர் அரை மணியில் தோற்றார். புத்தி பத்தாது என்று முடிவாயிற்று. சங்கரன்கோவில்காரர் விவரம் தெரிந்து வேண்டுமென்றே தோற்றார்; மாமா அதைக் கண்டுபிடித்து, 'கள்ளப்பய, இன்னைக்கி ஆட்டத்துல ஏமாத்துதவன் நாளைக்கி எதுல ஏமாத்துவானோ' என்றார். ஒருவர் எனக்கு ஆடத் தெரியாது என்று உண்மையைச் சொன்னார். படித்து என்ன பிரயோஜனம் என்று அவரும் போனார். ஜெயித்தவர் ஒருவர்தான். அவரைப் பற்றி வீட்டில் பேசவே கூடாது.

ஒவ்வொரு தடவையும் சித்தி பட்டுப்புடவையை மடித்துப் பெட்டியில் வைப்பாள். கடைசித் தடவை அதைப் பெட்டியின் அடியில், பழைய போர்வைகளுக்கெல்லாம் கீழே வைத்ததை நான் பார்த்தேன். எடுக்கச் சிரமமாக இருக்குமே என்றுதான் எனக்குத் தோன்றியது.

சித்தி சதுரங்கம் ஆடியதில்லை. அவளுக்கு ஆட்டம் தெரியாது என்றே மாமா நம்பினார். மாமாவோடு ஆடும்போது நான் திணறிக்கொண்டிருப்பேன். மாமா மூக்குப்பொடி போட முகத்தைத் திருப்புவார். சித்தி சொம்பை எடுத்துக்கொண்டு அந்த வழியாகப் போவாள். "யானை போகுது பாரு" என்று காற்றில் சொல்லிவிட்டுப் போவாள். பார்த்தால் என் யானை மாமாவுக்கு வெட்டுப்படப் போய்க்கொண்டுதான் இருக்கும்.

இந்த நிலையில்தான் செங்கோட்டையிலிருந்து அந்த ஸ்டேஷன்காரர் வந்தார். உதவி ஸ்டேஷன் மாஸ்டர். ஒல்லியாக, உயரமாக, தலை வாசலில் இடிக்காமல் குனிந்து வருகிற பழக்கம் உள்ளவராக இருந்தார். ஆரியங்காவுப் பக்கம் சில வருஷம் வேலை பார்த்ததில் 'ஆமாம்' என்பதற்கு மலையாளத்தில் 'அதே' என்று சொல்லுகிற வழக்கம் ஒட்டிக்கொண்டிருந்தது. அவர் வருவதற்கு முந்தின நாளே அம்மா மாமாவிடம் சொல்லிவிட்டாள்: "அண்ணே, இவரையும் வெரட்டுனியன்னா நான் எம் பிள்ளையக் கூட்டிக்கிட்டுப் புனலூர் போயிருவேன். சொல்லிட்டேன்."

மறுநாள் அவர் வந்தார். கேசரி முடிந்ததும் ஸ்டூல் வந்தது.

ஸ்டேஷன்காரர் முகம் மலர்ந்தது. உண்மையாகவே அவருக்கு ஆட்டத்தில் ஆசை. காய்களை அடுக்கினார். முதல் நகர்த்தலாக ராணிக்கு முன்னால் இருந்த சிப்பாயை எடுத்து இரண்டு கட்டம் தள்ளி வைத்தார்.

மாமா ஆள்காட்டி விரலால் அந்தச் சிப்பாயை ஒரு கட்டம் பின்னால் தள்ளினார்.

அவர் விழித்தார். "இல்ல அண்ணாச்சி, மொத தடவைக்கு ரெண்டு கட்டம்…"

"அது லண்டன்ல. இது தென்காசி."

அத்தோடு ஆட்டம் முடிந்தது. அதன் பிறகு நடந்தது உபன்யாசம். சிப்பாய் ஏன் ஒரு கட்டம்தான் போக வேண்டும், குதிரை வீட்டுக்குப் போனவன் ஏன் குதிரையாகத்தான் மாற வேண்டும், இதை மாற்றியதால் தேசத்துக்கு விளைந்த கேடுகள் என்னென்ன என்று மாமா காபி ஆறும்வரை பேசினார். ஸ்டேஷன்காரர் குறுக்கே பேசவில்லை. "அதே அண்ணாச்சி, அதே அண்ணாச்சி" என்று கேட்டுக்கொண்டிருந்தார். நடுவில் ஒரே ஒரு தடவை அடுக்களை வாசல் பக்கம் பார்த்தார். அங்கே சித்தி தம்ளரோடு நின்றாள். அவள் மாமா முதுகைப் பார்த்து ஒரு பெருமூச்சு விட்டாள். ஸ்டேஷன்காரர் சிரிப்பை அடக்கிக்கொள்ள ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பெரியவர் பேசும்போது சிரித்தால் எனக்கு முதுகில் விழும். இவருக்கு மட்டும் ஏன் விழவில்லை என்று எனக்குப் பொருமலாக இருந்தது.

போகும்போது அவர், சீசனுக்காகக் குற்றாலத்தில் ஒரு செஸ் போட்டி நடத்துகிறார்கள், நானும் பெயர் கொடுத்திருக்கிறேன் என்றார். மறுநாளே மாமாவும் பெயர் கொடுத்துவிட்டார். "குணத்த அங்கன வச்சுப் பாத்துக்கிடுதேன்" என்று அம்மாவிடம் சொன்னார்.

அங்கே இங்கிலீஷ் சட்டம்தான். ஆகவே மாமா கசப்பு மருந்து குடிப்பவர் போல என்னோடு இங்கிலீஷ் ஆட்டம் பழகினார். எனக்கோ அது சொர்க்கமாக இருந்தது. எந்தச் சிப்பாயும் ராணியாகலாம் என்றால் வாழ்க்கையில் வேறு என்ன வேண்டும்?

போட்டி சில ஞாயிற்றுக்கிழமைகளில் நடந்தது, அருவிக்குப் போகிற வழியில் ஒரு பங்களாவின் முன்கூடத்தில். சீசனுக்கு வந்து தங்கியிருந்த ஓய்வுபெற்ற ஜட்ஜ் ஒருவர் நடுவர். முதல் சுற்றில் நான் மாமாவின் இடது பக்கம் உட்கார்ந்திருந்தேன், மாமா ஜெயித்தார். அடுத்த சுற்றில் அத்தை பிள்ளைகளோடு குளிக்க ஓடிவிட்டேன், மாமா தோற்றார். மூன்றாவதில் காதைப் பிடித்து இழுத்து வந்து இடது பக்கம் உட்காரவைத்தார், ஜெயித்தார். அன்றைக்கு என் தலையெழுத்து தீர்மானமாயிற்று. நான் ராசிக்காரப் பையன். ராசிக்காரப் பையன் எழுந்து போகக் கூடாது.

கடைசிச் சுற்றில் மாமாவுக்கு எதிரே ஸ்டேஷன்காரர் வந்து உட்கார்ந்தார். அவர் அதுவரை தோற்கவே இல்லை. அன்று ஜெயித்தால்தான் கோப்பை அவருக்கு; சமமானால்கூட அரைப் புள்ளியில் வேறொருவருக்குப் போய்விடும். கோப்பை ஜட்ஜின் பக்கத்து மேஜையில் பளபளத்துக்கொண்டிருந்தது. மாமாவுக்குக் கோப்பை கிடைக்க வழியில்லை. ஆனால் கோப்பையைத் தடுக்க வழியிருந்தது. சில பேருக்கு அது போதும்.

மாமா செய்த முதல் தப்பு, தலை நிறைய நல்லெண்ணெய் தேய்த்துக்கொண்டு ஆட வந்தது. ஒரு மணி நேரத்தில் ஆட்டத்தை முடித்துவிட்டு நேரே அருவிக்குப் போவதாகத் திட்டம். தோளில் துண்டு, இடுப்பில் பழைய வேட்டி, நெற்றியில் எண்ணெய் வழிகிறது. ஜட்ஜ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார்.

"மிஸ்டர், இந்தக் கோலத்துல…?"

"சட்டத்துல எண்ணெய் கூடாதுன்னு இருக்காய்யா?" என்றார் மாமா.

ஜட்ஜ் புத்தகத்தைப் புரட்டினார். இல்லை.

வெள்ளைக் காய் ஸ்டேஷன்காரருக்கு. ராணிக்கு முன்னால் இருந்த சிப்பாயை எடுத்தார். இரண்டு கட்டம் வைத்தார். பழக்க தோஷத்தில் மாமாவின் விரல் நீண்டது. ஜட்ஜ் கனைத்தார். விரல் பாதி வழியில் நின்று, ஒன்றும் நடக்காதது போலத் திரும்பி மூக்குப்பொடி டப்பியை எடுத்தது. மாமாவும் தன் ராணிச் சிப்பாயை இரண்டு கட்டம் வைத்தார், மகா பாவம் செய்கிறவர் போல.

அடுத்தபடியாக ஸ்டேஷன்காரர் அதற்குப் பக்கத்துச் சிப்பாயையும் இரண்டு கட்டம் தள்ளி, மாமா வெட்டுவதற்கு வசதியாக வைத்தார். இனாம். ஒரு சிப்பாயைச் சும்மா தூக்கிக் கொடுக்கிறார். எனக்கு எச்சில் ஊறியது. மாமா என் காதில் குனிந்தார். எண்ணெய் என் சட்டையில் சொட்டியது.

"பொண்ணு கேட்டு வந்தவன் மொதல்லயே இனாம் குடுக்கான்னா என்னலே அர்த்தம்? பின்னால பெருசா எதையோ கேக்கப்போறான்."

"சைலன்ஸ்" என்றார் ஜட்ஜ்.

மாமா இனாமை வாங்கவில்லை. அது புத்தகத்திலேயே உள்ள கௌரவமான பழைய ஆட்டமுறை என்றும், அப்படிக் கொடுப்பதும் அப்படி மறுப்பதும் பெரிய பெரிய ஆட்டக்காரர்களின் வழக்கம் என்றும் பிற்காலத்தில் படித்துத் தெரிந்துகொண்டேன். மாமா அதைப் படித்துச் செய்யவில்லை. பிறவிச் சந்தேகத்தால் செய்தார். விளைவு ஒன்றுதான். ஆட்டம் அடைத்துக்கொண்டது. இரண்டு பக்கமும் சிப்பாய்கள் தோளோடு தோள் உரசி, புளியறைச் சோதனைச் சாவடியில் லாரிகள் நிற்பது போல நின்றுவிட்டன. ராஜாவுக்கு முன்னாலிருக்கிற சிப்பாயைத் தள்ளி ஆட்டத்தைத் தொடங்குகிறவர்கள் மனிதாபிமானம் உள்ளவர்கள். சடசடவென்று வெட்டிக்கொண்டு ஒருவர் செத்து ஒருவர் பிழைப்பார்கள். மற்றவர்கள் குளிக்கப் போகலாம். ராணிச் சிப்பாய்க்காரர்களுக்கு அந்த இரக்கம் கிடையாது.

வெளியே உலகம் நடந்துகொண்டிருந்தது. ஈரத் தலையும் சிவந்த கண்ணுமாக ஜனங்கள் போனார்கள். மிளகாய் பஜ்ஜி வாசனை உள்ளே வந்து என்னை விசாரித்துவிட்டுப் போயிற்று. அத்தை பிள்ளைகள் ஜன்னலில் தலையை நீட்டி, உதடு நீலம் பூத்ததைக் காட்டிப் பழித்தார்கள். ரம்புட்டான் தோலை என் மேல் எறிந்தார்கள். நான் ராசிக்காரன். நகரக் கூடாது.

மத்தியானம் சாப்பாட்டுக்கு ஆட்டத்தை நிறுத்தினார்கள். அம்மா வாழை இலைப் பொட்டலத்தைப் பிரித்தபடியே தொடங்கிவிட்டாள்.

"அண்ணே, தோத்துத்தான் தொலையுமேன். அவருக்குக் கோப்பை, ஒமக்குக் கும்பிடு. அவளுக்கும் ஒரு வழி பொறக்கும்."

"நான் தோத்தா அவனுக்குத் திமிர் வந்துரும். பெறகு எந்தங்கச்சிய மதிப்பானா?"

"அப்பம் ஜெயியும்."

"ஜெயிச்சா, தோத்தவனுக்குப் பொண்ணக் குடுத்தான்னு ஊருல பேசுவானுவ."

"அப்பம் என்னதான் செய்யச் சொல்லுதிய அவர?"

மாமா புளியோதரையை உருட்டியபடி யோசித்தார். "அது அவம் பாடு" என்றார்.

அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். அத்தை மெதுவாக, "அவ காலையில என்ட்ட ஒண்ணே ஒண்ணுதான் கேட்டா, மதினி. 'இன்னைக்கோட முடிஞ்சிருமா'ன்னு" என்றாள். யார் என்று யாரும் கேட்கவில்லை. பெண் கேட்டு வந்தவர் இருக்கிற இடத்துக்கு வரக் கூடாது என்று சித்தியை வீட்டில் விட்டுவிட்டு வந்திருந்தோம். ஆட்டம் இன்றோடு முடியுமா என்று கேட்ட அந்த ஒரு விஷயத்தில் சித்திக்கும் எனக்கும் ஒரே மனசு என்று நினைத்துச் சந்தோஷப்பட்டேன்.

சாப்பாட்டுக்குப் பிறகு வெட்டு ஆரம்பித்தது. யானைக்கு யானை, ராணிக்கு ராணி. எண்ணெய் கண்ணில் இறங்கி மாமா ஒரு கண்ணை மூடிக்கொண்டு ஆடினார். அந்தக் கண்ணின் பக்கமாகத்தான் ஸ்டேஷன்காரர் வந்தார். தவறு சின்னதுதான். ஆனால் சாயங்காலத்துக்குள் அது பெரிதாகிவிட்டது. கடைசியில் மாமாவுக்கு மிஞ்சியது ராஜா மட்டும். ஸ்டேஷன்காரருக்கு ராஜாவும் ஒரே ஒரு சிப்பாயும். அந்தச் சிப்பாய் மேலே போய்க்கொண்டிருந்தது. தடுக்க முடியாது. எனக்கே தெரிந்தது.

யோக்கியமானவர்கள் இந்த இடத்தில் கை கொடுத்து எழுந்துவிடுவார்கள். மாமா எழவில்லை. "ராஜா நிக்கும்போது எந்திரிக்கது எங்க வழக்கம் இல்ல" என்று யாரும் கேட்காமலே ஜட்ஜிடம் சொன்னார். ஜட்ஜ் கடிகாரத்தைப் பார்த்தார். பாவம், அவரும் எண்ணெய் தேய்த்துக்கொள்ளாமல் ஒரு நாளை வீணாக்கியிருந்தார்.

வேடிக்கை பார்க்கிறவர்கள் சேர்ந்துவிட்டார்கள். நான் மனசுக்குள் கணக்குப் போட்டேன். சிப்பாய் இன்னும் ஒரு அடி வைத்தால் ராணி. ராணி வந்தால் மாமாவின் ராஜா மூச்சு வாங்குவதற்குள் முடிந்துவிடும். மாமா தோற்பார். நல்ல விஷயம். இருட்டுவதற்குள் அருவிக்கு ஓடிவிடலாம். நான் உட்கார்ந்தபடியே சட்டைப் பொத்தான்களைக் கழற்றத் தொடங்கினேன்.

ஸ்டேஷன்காரர் சிப்பாயைக் கடைசிக் கட்டத்தில் வைத்தார். கையை எடுக்கவில்லை. ஜட்ஜ் வெட்டுப்பட்ட காய்களிலிருந்து வெள்ளை ராணியை எடுத்து அவர் பக்கம் நீட்டினார்.

அவர் வாங்கவில்லை. பலகையைப் பார்த்தார். கோப்பையைப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து மாமாவைப் பார்த்தார்.

"அண்ணாச்சி, இது குதிரை வீடுதானே?"

வேடிக்கை பார்த்தவர்கள் பலகையின் மேல் கழுத்தை நீட்டினார்கள்.

மாமா மூடியிருந்த கண்ணைத் திறந்தார். எண்ணெய்க் கண் சிவந்து கிடந்தது. அவர் அப்படி யோசித்து நான் பார்த்ததே இல்லை. அதில் யோசிக்க என்ன இருக்கிறது? ராஜா பக்கத்துக் குதிரை அங்கிருந்துதான் காலையில் கிளம்பிப் போயிற்று. குழந்தைக்குக்கூடத் தெரியும். ஆமாம் அல்லது இல்லை. இரண்டில் ஒன்றைச் சொல்லிவிட்டால் நான் குளிக்கப் போவேன்.

"ஆமா" என்றார் மாமா கடைசியில். "குதிரை வீடுதான்."

ஸ்டேஷன்காரர் ஜட்ஜின் கையிலிருந்த ராணியை விட்டுவிட்டு, மேஜை மேல் கிடந்த வெள்ளைக் குதிரையை எடுத்தார். சிப்பாயை அகற்றிவிட்டுக் குதிரையை அந்தக் கட்டத்தில் வைத்தார்.

"மிஸ்டர்!" ஜட்ஜ் பாதி எழுந்துவிட்டார். "எந்தக் காய் வேணும்னாலும் எடுக்கலாம். யூ கேன் டேக் தி குவீன்! ரூல் தெரியும்ல?"

"தெரியும் சார்."

"தெரிஞ்சா?"

"குதிரை போதும் சார்."

ஒற்றைக் குதிரையை வைத்துக்கொண்டு உலகத்தில் யாராலும் ஒரு ராஜாவைப் பிடிக்க முடியாது. இது எனக்கே தெரியும். ஆட்டம் அந்த நிமிஷமே சமம். யாருக்கும் வெற்றி இல்லை, யாருக்கும் தோல்வி இல்லை. ஜட்ஜ் அதை அறிவித்த குரலில், இத்தனை வருஷம் கோர்ட்டில் கேட்ட பொய்கள் எல்லாம் இதற்கு எவ்வளவோ தேவலை என்ற தொனி இருந்தது. கோப்பை நாகர்கோவிலிலிருந்து வந்திருந்த ஒரு காலேஜ் பையனுக்குப் போயிற்று. அவன் நம்ப முடியாமல் அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான்.

எனக்கு வந்த ஆத்திரத்தில் மரியாதை மறந்துவிட்டது. ஸ்டேஷன்காரர் செருப்பு மாட்டிக்கொண்டிருந்த இடத்துக்குப் போய், "ராணி எடுக்கத் தெரியாதா உங்களுக்கு?" என்று கேட்டேன்.

அவர் குனிந்து, கழன்றிருந்த என் சட்டைப் பொத்தான்களை ஒவ்வொன்றாகப் போட்டுவிட்டார். "குதிரையும் நல்ல காய்தான் தம்பி" என்றார்.

இந்த ஆளிடம் ரயிலை நம்பி விட்டிருக்கிறார்களே என்று எனக்குப் பகீரென்றது.

மாமா வாசல்வரை போனவர் திரும்பி வந்தார். ஸ்டேஷன்காரரின் முகத்தைப் பார்க்காமல், அவர் சட்டைப் பையைப் பார்த்துப் பேசினார்.

"நாளைக்கு டூட்டி உண்டுமா?"

"அதே அண்ணாச்சி. மத்தியானம் முடியும்."

"முடிஞ்சதும் வீட்டுக்கு வாரும். அந்த ஸ்டூலு அங்கனதான் கெடக்கு."

"எந்தச் சட்டம் அண்ணாச்சி?"

"வாரும், பாத்துக்கிடுவோம்" என்று மாமா துண்டால் முகத்தைத் துடைத்தார். எண்ணெய்தான் போயிற்று, முகத்தில் இருந்த ஏதோ ஒன்று போகவில்லை. எரிச்சல் மாதிரி இருந்தது. ஆனால் எனக்குத் தெரிந்த எரிச்சல் மாதிரி இல்லை.

நான் அருவிக்கு ஓடினேன். பாலத்துக்கு இந்தப் பக்கமே போலீஸ்காரர் கயிறு கட்டி நின்றார். மலையில் மழை, வெள்ளம் சிவப்பாக வந்து அருவிக்கு முன்னால் கட்டியிருந்த ஆர்ச்சைத் தாண்டிக் கொட்டிக்கொண்டிருந்தது. யாரும் இறங்கக் கூடாது. அத்தை பிள்ளைகள் காலையிலிருந்து குளித்துக் குளித்துத் தோல் சுருங்கியவர்களாக என் பக்கத்தில் நின்று, "அய்யோ பாவம்லே" என்றார்கள்.

பஸ்ஸில் மாமா ஜன்னலோரமாக உட்கார்ந்து தும்மிக்கொண்டே வந்தார். அம்மா பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, "முடிவா என்னண்ணே சொல்லுதிய?" என்றாள்.

"என்ன முடிவு? அவன் தோத்தானா? இல்ல. ஜெயிச்சானா? இல்ல. ஏமாத்துனானா? அத்தன பேரு முன்னால என்ட்டயே கேட்டுட்டுல்லா வச்சான். என்னத்தச் சொல்லித் தட்டச் சொல்லுத?" மாமா ஒரு பெரிய தும்மல் போட்டார். "தையில நாள் பாருங்க."

அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவளும் குளிக்கவில்லை என்பது எனக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. அவளுக்கும் ஆசை இருக்கும்தானே.

தென்காசியில் இறங்கியபோது கோயிலின் மொட்டைக் கோபுரத்துக்குப் பின்னால் கொஞ்சம் வெளிச்சம் மிச்சம் இருந்தது. பெரியவர்கள் மெதுவாக வரட்டும் என்று நான் முன்னால் ஓடினேன். யாரிடமாவது என் ஆத்திரத்தைக் கொட்டியாக வேண்டும். சித்தி பின்கட்டில் மாவாட்டிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் குழவி நின்றது.

"எல்லாம் போச்சு சித்தி" என்றேன். "ஜெயிக்க வேண்டிய ஆட்டம். அந்த ஸ்டேஷன்காரருக்கு ஆடவே தெரியல. சிப்பாய் கடைசி வரைக்கும் போயிருச்சு. ஜட்ஜு ராணியக் கையில எடுத்துக் குடுக்காரு. வேண்டாம்னுட்டு குதிரைய வைக்காரு! கோப்பையும் போச்சு."

"எந்த எடத்துல வச்சாரு?"

"குதிரை வீட்டுல."

"தானாவே வச்சாரா?"

"இல்ல. மாமாட்ட கேட்டாரு. இது குதிரை வீடுதானேன்னு. அதுகூட அவருக்குத் தெரியல."

சித்தி மாவுக் கையோடு அப்படியே உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு விளங்கவில்லை என்று தெரிந்தது. வாய் லேசாகத் திறந்திருந்தது.

"மொதல்லருந்து சொல்லு" என்றாள்.

சொன்னேன். இரண்டு கட்டம் வைத்ததிலிருந்து, இனாம் சிப்பாய், எண்ணெய், ஜட்ஜ், குதிரை எல்லாம். முடித்ததும், "அவரு கேட்டப்ப மாமா மொகம் எப்படி இருந்துச்சு?" என்றாள். அதையும் சொன்னேன். "ஜட்ஜு ராணியக் குடுத்தாருல்லா, அப்பம் அவரு என்ன சொன்னாரு?"

"குதிரை போதும் சார்னாரு. எத்தன தடவ சொல்லுதது?"

"இன்னும் ஒரு தடவ சொல்லுலே, எந்தங்கம்" என்றாள். என் கன்னத்தைப் பிடித்துக் கிள்ளினாள். கன்னமெல்லாம் மாவு.

இவளா எனக்கு யானை போகிறது பார் என்று சொன்னவள் என்று எனக்கு அலுப்பாக வந்தது. இவ்வளவு சின்ன விஷயம், எத்தனை தடவை சொன்னாலும் மண்டையில் ஏறவில்லை. ஏறவில்லையே என்ற வெட்கமும் இல்லாமல் சிரித்துக்கொண்டிருந்தாள். ராணியைக் கையில் கொடுத்தும் எடுக்கத் தெரியாத ஆளுக்கு இவளைக் கட்டிவைப்பதுதான் சரி என்று நினைத்தபடி, நான் மறுபடியும் முதலிலிருந்து தொடங்கினேன்.